நாலு பேருக்கும் ஒரே நாளில் ஆஃப்

பஹ்ரைனில் கடலோரமாக ஒரு சின்னப் பூங்கா இருந்தது. பெரிய ராட்டினம் ஒன்று, இடித்துக்கொள்ளும் கார்கள், பஞ்சுமிட்டாய், அவ்வளவுதான். அந்த ஊரில் வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. ஹாஸ்டலில் மற்ற நர்சுகள் அன்றைக்குத் தூங்கித் தீர்ப்பார்கள். எனக்குப் பகலில் தூக்கம் வராது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை தனியாகக் கிளம்பிப் போய் ராட்டினத்துக்கு ஒரு சீட்டு வாங்கினேன்.

ராட்டினம் ஓட்டியவர் மலையாளி. “கூட யாரும் இல்லையா சிஸ்டர்?” என்று அவர் மொழியில் கேட்டார். இல்லை என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஓரமாகக் கிடந்த மணல் மூட்டை ஒன்றைத் தூக்கி வந்து என் எதிர் சீட்டில் வைத்தார். ஒரு பக்கம் மட்டும் பாரம் இருந்தால் பெட்டி சாயுமாம். மூட்டையும் நானும் ஒருவரையொருவர் பார்த்தபடி சுற்றினோம்.

மேலே போகும்போதெல்லாம் கீழே புல்தரையில் ஓர் அரபுக் குடும்பம் தெரிந்தது. கம்பளம் விரித்து, நடுவில் சைக்கிள் சக்கரம் அகலத்துக்கு ஒரு தட்டில் சோறு. சித்தப்பா, பெரியப்பா, அத்தை, மாமி என்று அந்தக் கம்பளத்தில் எள் போட்டால் எள் விழாது. ஒரு குழந்தை யாருடையது என்றே சொல்ல முடியாதபடி மடிக்கு மடி போய்க்கொண்டிருந்தது. கடலைப் பார்க்கக் காசு கொடுத்துவிட்டு நான் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். வயிற்றெரிச்சல் என்றால் வயிற்றெரிச்சல்தான், எதற்கு மறைக்க வேண்டும்?

நாங்கள் கூடப் பிறந்தவர்கள் நாலு பேர். மூத்தவர் சவரி அண்ணன், அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் தகடு அடிக்கும் பிரஸ் மெஷினில் வேலை. அடுத்து ஞானம் அக்கா, ஆவடியில் ராணுவத் தொழிற்சாலைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள். மூன்றாவது நான், ரீட்டா. கடைசி ஜேம்ஸ், ஐயப்பன்தாங்கல் டிப்போவில் கண்டக்டர். அப்பாவை அடக்கம் செய்த அன்றுகூட நாலு பேரும் சேர்ந்து நிற்கவில்லை. ஜேம்ஸ் பஸ்ஸில் கடைசி சிங்கிள் டிரிப்பை முடித்துவிட்டு யூனிஃபார்மோடு ஓடி வந்தபோது அண்ணன் நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பியிருந்தார். ராட்டினத்தை விட்டு இறங்கும்போதே முடிவு பண்ணிவிட்டேன். அடுத்த லீவில் மொத்தக் குடும்பத்தையும் ஒரு பூங்காவுக்கு அழைத்துப் போவது. ஒரு நாள், ஒரே ஒரு முழு நாள்.

மறுவாரமே கடைவீதிக்குப் போய் மஞ்சளில் பச்சைக் கிளி போட்ட துணி ஒரு கட்டு வாங்கினேன். கூட்டத்தில் பிள்ளைகள் தொலைந்துபோனால் கண்டுபிடிக்க வேண்டுமே, அதற்காக எல்லாருக்கும் ஒரே துணி. லீவில் வந்ததும், அண்ணன் வீடு இருக்கும் கள்ளிக்குப்பத்தில் டெய்லரிடம் அளவுகளைக் கொடுத்தேன். அண்ணிக்கும் அக்காவுக்கும் ஜேம்ஸ் மனைவிக்கும் ரவிக்கை, எனக்குச் சுடிதார், மிச்சம் எல்லாம் சட்டையும் கவுனும். அவர் துணியை விரித்துப் பார்த்துவிட்டு, “பேண்டு செட்டு எதுனா ஆரம்பிக்கிறீங்களா மேடம்?” என்றார்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்த கதை இது. மகாபலிபுரம் போகிற சாலையில் அப்போதுதான் ஒரு பெரிய பூங்கா திறந்திருந்தார்கள். டிவியில் விளம்பரம் வந்தால் கள்ளிக்குப்பம் பிள்ளைகள் படிப்பதை விட்டுவிட்டு ஓடி வருவார்கள்.

லீவில் பாதி, மாப்பிள்ளை பார்க்கிறேன் பேர்வழி என்று வந்த தரகர்களோடு போயிற்று. அதன்பிறகு வந்த புதன்கிழமைதான் சவரி அண்ணனிடம் பேச்சை எடுத்தேன். நான் தங்கியிருந்ததே அவர் வீட்டில்தான், ஆனாலும் ஆளைப் பிடிப்பது கஷ்டம். தெரசா அண்ணி வைத்த முருங்கைக்காய்ச் சாம்பாரை ஊற்றிப் பிசைந்தபடியே சொன்னார்.

“எனக்கு வெள்ளிக்கிழமைதான் ஆஃபும்மா. மெஷின் நிக்கக் கூடாதுன்னு ஆளுக்கு ஒரு கிழமையா பிரிச்சு உட்டுட்டான். எனக்கு வந்தது வெள்ளி.”

வெள்ளிக்கிழமை லீவு விடுகிற இரண்டு இடங்கள் எனக்குத் தெரியும். ஒன்று பஹ்ரைன், இன்னொன்று எங்கள் அண்ணன் கம்பெனி. “அப்ப வெள்ளிக்கிழமையே போவோம்ணே” என்றேன். “மத்தவங்களையும் கேளு” என்று எழுந்து கைகழுவப் போய்விட்டார்.

வியாழக்கிழமை ஆவடி. கரண்டு ரயிலில் பூக்காரப் பெண்கள் கூடையோடு கதவை அடைத்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி என் கைக்கடிகாரத்தைப் பார்த்து, “ஃபாரினாக்கா?” என்றாள். ஆமாம் என்றதும், “அங்க மல்லி கெடைக்குமா?” என்று கேட்டாள். கிடைக்காது என்றேன். “அப்ப இன்னாத்துக்குப் போற?” என்று ஒரு முழம் அறுத்துக் கொடுத்தாள். பூவைத் தலையில் வைத்துக்கொண்டேன்.

அக்கா வீட்டில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. அந்தக் குழம்பின் வாசனைக்காகவே நான் பஹ்ரைனில் எத்தனையோ ராத்திரி சாப்பிடாமல் படுத்திருக்கிறேன். அக்கா வீட்டுக்காரர் தேவராஜ் மாமாவுக்கு ஞாயிறு விடுமுறை, ஆனால் முக்கால்வாசி ஞாயிறு ஓவர்டைம். “ரெண்டு நாள் முன்னாடி சொல்லு, எந்தக் கிழமைன்னாலும் நான் லீவு போட்டுர்றேன். உங்க அண்ணனையும் தம்பியையும் ஒரு கிழமைல நிறுத்து பாப்போம்” என்றார். சொல்லும்போதே சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. “அவங்க ரெண்டு பேரையும் சேர்த்துப் பாத்து எனக்கு எவ்ளோ நாளாச்சு ரீட்டா” என்றாள்.

சனிக்கிழமை ஐயப்பன்தாங்கல். நேராகப் போயிருந்தால் சீக்கிரம் போயிருக்கலாம். நான் ஏறிய பஸ் வேலப்பன்சாவடியில் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி இஞ்சினைப் பார்த்தார், கண்டக்டர் டிரைவரைப் பார்த்தார். பின்சீட்டில் இருந்த காலேஜ் பையன்கள் விசில் அடித்துக்கொண்டே இறங்கித் தள்ளினார்கள். பஹ்ரைனில் பஸ் நின்றால் ஏசி நின்றுவிட்டதே என்று ஆளாளுக்குப் புலம்புவார்கள். இங்கே ஒரு பெரியவர் சன்னல் வழியாகத் தலையை நீட்டி, “தம்பிங்களா, சோத்தைத் துன்னுட்டுத் தள்ளுங்கடா” என்றார். பஸ் ஒரு இருமலோடு கிளம்பியதும் எல்லாரும் கைதட்டினோம்.

ஜேம்ஸ் டிப்போ வாசல் டீக்கடையில் நின்றிருந்தான். தோளில் தோல் பை, சட்டைப் பையில் விசில். என்னைப் பார்த்ததும் டீயை வைத்துவிட்டு ஓடி வந்தான்.

“அக்கா, எனுக்குச் செவ்வாதான் ஆஃப். இந்த மாசம் ஃபுல்லா அப்டித்தான் கீது. பெரியவருக்கு இன்னா கெழமை?”

“வெள்ளி.”

“சரியாப் போச்சு. அவரு கெழக்கால போறாரு, நான் மேற்கால போறேன். நான் இன்னா பண்ணட்டும் சொல்லு?”

“அடுத்த ஞாயித்துக்கிழமை எனக்கு ஃப்ளைட்டு ஜேம்ஸு. திரும்பி வர ரெண்டு வருஷம் ஆகும்.”

அவன் எனக்கு ஒரு வடை வாங்கிக் கொடுத்தான். பஸ் கிளம்ப நேரமாகிவிட்டது என்று போய்விட்டான்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டு ஆண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்கூட்டி வாக்குக் கொடுப்பதைக் கெட்ட பழக்கம் மாதிரி ஒதுக்குவார்கள். சொல்லிவிட்டுச் செய்யாமல் போனால் மானம் போய்விடும் என்பதால், செய்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள். ஜேம்ஸ் தன் கல்யாணத்தையே பெண் வீட்டில் பேசி முடித்த பிறகுதான் எங்களுக்குச் சொன்னான். இது தெரிந்தும் எனக்கு உறைக்கவில்லை. அன்று ராத்திரி அண்ணனிடம், “ஜேம்ஸுக்குச் செவ்வாயாம்” என்று சலிப்போடு சொன்னேன். “ம்” என்றார். அந்த “ம்”முக்கு எனக்கு அர்த்தம் தெரிந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் உட்கார்ந்து நான் வேறு எதையும் கேட்கவில்லை. ஒரு நாள் கொடும் ஆண்டவரே என்று கேட்டேன். நல்ல மாப்பிள்ளை கேட்கச் சொல்லி அண்ணி இடித்துக்கொண்டே இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் கண் விழித்தால் சவரி அண்ணன் வீட்டில் இருக்கிறார். ஆறு மணிக்கே கம்பெனிக்குப் போயிருக்க வேண்டியவர். குளித்து, பவுடர் போட்டு, கிளிச் சட்டை போட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பிள்ளைகள் மூன்றும் கிளிகளாக வாசலில் குதிக்கின்றன.

“கெளம்பும்மா. ஜேம்ஸுக்கு இன்னைக்குத்தானே ஆஃப்? நான் மெஷின்ல கூட நிக்கிற பாபுகிட்ட மாத்திக்கிட்டேன். அவன் வெள்ளிய எடுத்துக்கிட்டான், நான் செவ்வாய எடுத்துக்கிட்டேன்.”

அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன், அவர் நெளிந்தார். முதலில் ஜேம்ஸைக் கூட்டிக்கொண்டு, பிறகு ஆவடி போய் அக்காவை அள்ளிக்கொள்வது என்று திட்டம். ஜேம்ஸ் வீடு டிப்போவுக்குப் பின்னால்தான். அண்ணி தூக்குச்சட்டியில் புளிசாதம் கட்டினாள். இரண்டு பஸ் மாறி ஐயப்பன்தாங்கலில் இறங்கினோம்.

ஜேம்ஸ் வீடு பூட்டியிருந்தது. அவன் மனைவி பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். டிப்போவுக்குள் போனோம். புறப்படத் தயாராக நின்ற பஸ்ஸின் படிக்கட்டில், தோல் பையோடு, வாயில் விசிலோடு நின்றிருந்தான் எங்கள் தம்பி.

விசில் வாயிலிருந்து விழுந்து கயிற்றில் தொங்கியது. “அண்ணே, நீ இங்க இன்னா பண்ற?”

“நீ இன்னாடா பண்ற? இன்னிக்கு உனுக்கு ஆஃப்தானே?” அண்ணனுக்குப் பதற்றம் வந்தால் எஸ்டேட் பாஷை வந்துவிடும்.

“நான் வெள்ளிக்கு மாத்திக்கினேன்ணே. உனுக்கு வெள்ளின்னு அக்கா சொல்லிச்சே. வியாழன் நைட்டு வந்து சொல்லலாம்னு இருந்தேன். வேன் கூடப் பேசிட்டேன்.”

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் இவன் கிழமைக்கு வந்துவிட்டார், இவன் அவர் கிழமைக்குப் போய்விட்டான். நான் நடுவில் நின்று இரண்டு பேரையும் அடிக்கலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று தெரியாமல் தவித்தேன். முதலில் சிரித்தது அண்ணன்தான். பிறகு ஜேம்ஸ். பிறகு பஸ்ஸிலிருந்த ஜனங்கள் விஷயம் தெரிந்து சிரித்தார்கள். டிரைவர் மட்டும் ஹாரன் அடித்தார்.

“பாபுகிட்ட திரும்ப மாத்திக்கோண்ணே” என்றேன்.

அண்ணன் தலையை ஆட்டினார். “முடியாதும்மா. வெள்ளிக்கிழமை அவன் தங்கச்சிக்கு நிச்சயதார்த்தம். ஊருக்குப் போறான். மெஷின்ல ரெண்டு பேர்ல ஒருத்தர் நின்னாகணும்.”

பூங்காவுக்கென்று கட்டிய புளிசாதத்தைக் கள்ளிக்குப்பத்தில் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அண்ணன் சட்டையைக் கழற்றி மடித்துப் பீரோவில் வைத்தார். “வெள்ளிக்கிழமை நீங்க போயிட்டு வாங்க. புள்ளைங்க ஆசையா இருக்குதுங்க” என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். அந்தச் சாதாரணம்தான் எனக்குத் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை நான் எழுவதற்குள் அவர் போய்விட்டார். அண்ணி பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு புலம்பினாள். “இவரு சட்டையைக் காணோம் ரீட்டா. ஜேம்ஸ் தம்பிக்கு மாத்துக்கு ஆகுமேன்னு எடுக்கலாம்னு பாத்தேன். பசங்க எங்க கொண்டுபோய்ப் போட்டுச்சுங்களோ.” தேட நேரமில்லை, விட்டுவிட்டோம்.

வேன் ஒன்பது மணிக்கு வருவதாகப் பேச்சு. வந்தபோது பதினொன்று தாண்டிவிட்டது. ஜேம்ஸ் குடும்பத்தை ஏற்றி, ஆவடி போய் அக்கா குடும்பத்தை ஏற்றி, திரும்பி வரும் வழியில் ரேடியேட்டர் கொதித்து, யாரோ வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைத்து ஊற்றிக் கூட்டி வந்திருந்தார்கள். வேனுக்குள் எட்டிப் பார்த்தேன். எங்கு பார்த்தாலும் கிளி. தேவராஜ் மாமாவின் தொப்பையில் ஒரு கிளி இறக்கை விரித்து நின்றது.

“சீக்கிரம் ஏறுக்கா. இப்பவே லேட்டு. தண்ணி ஆட்டம்லாம் அஞ்சு மணிக்கு மூடிடுவான்” என்றான் ஜேம்ஸ்.

ஏறி உட்கார்ந்தேன். வேன் திரும்பியது. பிள்ளைகள் கத்தின. அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள், பிறகு வேனுக்குள் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தாள். யாரைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரியும். எனக்கு அந்த அரபுக் குடும்பத்தின் கம்பளம் ஞாபகம் வந்தது. ராட்டினத்துக்காகவா நான் இத்தனை அலைந்தேன்? நாலு பேருக்காக அல்லவா?

“வண்டியை எஸ்டேட்டுக்கு விடுங்க” என்றேன் டிரைவரிடம்.

“இன்னாக்கா, எதுக்கு?” என்றான் ஜேம்ஸ்.

“அண்ணனுக்குப் பன்னெண்டரைக்குச் சாப்பாட்டு பிரேக்.”

“அங்க போனா ஒண்ணும் பாக்க முடியாதுக்கா. புள்ளைங்க அழும்.”

“அழட்டும். பார்க் எங்கயும் ஓடிப் போவாது ஜேம்ஸு. நான்தான் போறேன்.”

ஜேம்ஸ் என் முகத்தைப் பார்த்தான். பிறகு டிரைவர் தோளைத் தட்டி, “லெஃப்ட்ல ஒடி நைனா” என்றான்.

கம்பெனி கேட்டுக்கு எதிரே ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் அடியில் லாரிகள் நின்று நின்று எண்ணெயில் கறுத்த மண். பாயை விரித்தோம். அக்கா வெள்ளிக்கிழமை கறி தொடமாட்டாள், எங்கள் மாதா கோயில் வழக்கத்தில் மீனும் முட்டையும் சேரும், அதனால் இறால் தொக்கு, தயிர் சாதம், அவித்த முட்டை. எதிர்க் கம்பெனியிலிருந்து தகரம் வெட்டும் சத்தம். கேட்டுக்கு உள்ளிருந்து வாட்ச்மேன் வந்து எங்களைச் சுற்றிப் பார்த்தார்.

“இன்னாமா, ஒரே கலரா வந்துகீறீங்க? எந்தக் கட்சி நீங்கள்லாம்?”

“சவரிமுத்து கட்சி. கொஞ்சம் கூப்பிடுங்க” என்றாள் அக்கா.

சங்கு ஊதியது. நீல யூனிஃபார்மில் ஆட்கள் கொத்தாக வெளியே வந்தார்கள். அண்ணன் கடைசியாக வந்தார், கையில் சாப்பாட்டுப் பையோடு. எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார். வேனையும் பாயையும் பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்னாச்சு? யாருக்கு என்ன?”

“யாருக்கும் ஒண்ணுமில்ல. வா, வந்து உக்காரு” என்று அக்கா கையைப் பிடித்து இழுத்தாள்.

உட்கார்ந்தார். கழுத்துவரை பட்டன் போட்ட யூனிஃபார்ம், அந்த வெயிலில். வியர்வை தாடையிலிருந்து சொட்டியது. “அதைக் கழட்டித் தொலையேன், வேகுது” என்றாள் அண்ணி. பரவாயில்லை, பரவாயில்லை என்றார். அண்ணியா விடுவாள்? எட்டிப் பிடித்து மேல் பட்டன் இரண்டை அவிழ்த்தாள்.

உள்ளே மஞ்சள். மஞ்சளில் பச்சைக் கிளி.

நாங்கள் வருவோம் என்று அவருக்குத் தெரியாது. யாரும் பார்க்கப்போவதில்லை. பிரஸ் மெஷின் பக்கத்தில், எண்ணெய்ப் பிசுக்கில், அந்தப் புழுக்கத்தில், நாங்கள் போட்டிருப்போம் என்று அவரும் போட்டிருக்கிறார்.

ஜேம்ஸ் தலையைக் குனிந்துகொண்டு முட்டை உரித்தான். உரித்து அண்ணன் இலையில் வைத்தான், இன்னொன்று உரித்தான், அதையும் அவர் இலையிலேயே வைத்தான். “போதும்டா, நான் என்ன பயில்வானா?” என்றார் அண்ணன். அக்கா என் தோளில் சாய்ந்து அழுதுகொண்டே சிரித்தாள். அண்ணனின் சின்ன மகள் அவர் மடியிலிருந்து அக்கா மடிக்கு, அக்கா மடியிலிருந்து என் மடிக்கு, என்னிடமிருந்து ஜேம்ஸிடம் என்று போய்க்கொண்டிருந்தாள். நாலு பேரும் ஒரே பாயில் இருந்தோம். இறால் தொக்கில் உப்பு கொஞ்சம் தூக்கல். எனக்கு அதுவும் இனித்தது.

மறுபடி சங்கு. அண்ணன் எழுந்து வாய் துடைத்தார். பட்டனைப் போட்டார். காலர் ஓரம் கொஞ்சம் மஞ்சள் எட்டிப் பார்த்தது, விரலால் உள்ளே தள்ளினார். “ஞாயித்துக்கிழமை ஏர்போர்ட்டுக்கு வரமுடியுமான்னு தெரியலம்மா” என்றார். “வரவேண்டாம்ணே. இன்னைக்கே வந்துட்ட” என்றேன். என் தலையில் கையை வைத்து எடுத்துவிட்டு கேட்டுக்குள் போனார். திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டு ஆண்கள் அதையும் செய்ய மாட்டார்கள்.

பூங்காவைப் பற்றி எழுத அதிகம் இல்லை. போய்ச் சேரும்போது மூன்றரை மணி. பிள்ளைகள் தண்ணீரில் குதித்துக் கண் சிவந்தார்கள். யாரும் தொலையவில்லை. பஹ்ரைன் பூங்காவைவிட நாலு மடங்கு பெரிது, பஞ்சுமிட்டாய் மட்டும் ஒரே ருசி. தேவராஜ் மாமா இடிக்கும் காரில் ஏறி இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தார்.

வெயில் தாழ்ந்த பிறகு அக்காவும் ஜேம்ஸும் நானும் பெரிய ராட்டினத்தில் ஏறினோம். பெட்டிக்கு நாலு சீட். அவர்கள் இரண்டு பேரும் ஒரு பக்கம், நான் எதிரே. என் பக்கத்துச் சீட் காலி. ராட்டினக்காரர் கம்பியைப் போடாமல் எட்டிப் பார்த்தார்.

“இன்னும் ஒர்த்தரு ஏறலாம் சார். லைன்ல ஆள் நிக்குது, ஏத்திக்கட்டுமா? ஒரு பக்கமா சாயும்.”

ஜேம்ஸ் நிமிர்ந்து உட்கார்ந்தான். பஸ்ஸில் கேட்கிற அதே குரல்.

“அது எங்கண்ணன் சீட்டு. டூட்டில கீறாரு. நீ ரைட் குடு.”

அவர் எங்கள் மூன்று பேர் மேலிருந்த கிளிகளையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கம்பியைப் போட்டார். பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே மேலே போனது.